ஐந்து மாநகராட்சி, ஒரு தெரு: அல்சூரில் ஒரு பண்டிகைக் காலம்

2025-இல் பிள்ளையார் சதுர்த்தி ஆகஸ்ட் 27 அன்று வந்தது. பந்தல் போட அனுமதி கேட்டு நாங்கள் எழுதிய விண்ணப்பம் பி.பி.எம்.பி., அதாவது பெங்களூரு மாநகராட்சி அதிகாரிக்கு. சாமியைக் கரைத்து, பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுத்த கையோடு செப்டம்பர் 2 வந்தது. அன்று முதல் பி.பி.எம்.பி. என்று ஒன்று கிடையாது. மத்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்து மாநகராட்சிகள், அவற்றுக்கு மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம். ஆயுத பூஜை, தீபாவளி, கர்நாடகம் உருவான நாளான ராஜ்யோத்சவம் எல்லாம் வரிசையாகக் காத்திருந்தன. "இனிமே யார் கிட்டக்கா போறது?" என்று கமிட்டிப் பையன்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தச் சில மாதங்களில் நாங்கள் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். பெங்களூரில் எந்தத் தெருவில் பண்டிகை நடத்துபவருக்கும் இதில் பாதியாவது உதவும்.

நாங்கள் இருப்பது அல்சூரில், ஏரிக்கும் சோமேஸ்வரர் கோயிலுக்கும் நடுவே ஒரு குறுக்குத் தெரு. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகளும் உண்டு. பகலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனாலேயே தெருக் கமிட்டியின் பேனாவும் என் கைக்கு வந்து சேர்ந்தது. கடிதம், ரசீது, ஸ்டேஷன் வேலை எல்லாம் என் பக்கம். சமையல், அலங்காரம், மேளம் விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

பண்டிகைக்கு முன்னால் செய்தித்தாளில் வரும் மாநகராட்சி அறிவிப்புகள் வருடா வருடம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாருக்குத் தடை, அனுமதிக்கு சிங்கிள் விண்டோ, சதுர்த்தியன்று கறிக்கடை மூடல், ஏரிப் பக்கம் போக்குவரத்து மாற்றம். இதைப் படித்துவிட்டு எல்லாம் தெரிந்த மாதிரி உட்கார்ந்துவிடுகிறோம். தெருவுக்கு வேண்டிய தகவல் வேறு. எந்தப் பக்கம் பந்தல் போட்டால் தண்ணீர் லாரி நுழையும், கரண்ட் யார் பெயரில், மறுநாள் வாழைமட்டையை யார் அள்ளுவார்கள். அறிவிப்பு ஊருக்கே எடுத்த ஒரு துணிச் சுருள். நம் தெருவின் அளவுக்கு அதை வெட்டித் தைத்துக்கொள்வது நம் பாடு.

முன்பு இந்த வேலையை வார்டு கவுன்சிலரான கார்ப்பரேட்டர் செய்தார். பி.பி.எம்.பி.யில் 198 வார்டுகள். கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு, நான் சொல்லும் இந்தப் பண்டிகைக் காலம் முழுக்கவும், எந்த வார்டுக்கும் கார்ப்பரேட்டர் இல்லை, அதிகாரிகள்தான் எல்லாம். அவர் இருந்த காலத்தில் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றால் போதும். அவரே என்ஜினீயரிடம் பேசுவார், லைன்மேனை அனுப்புவார், குப்பை வண்டியைத் திருப்பி விடுவார். பதிலுக்குப் பந்தல் முகப்பில் பிள்ளையாரைவிடப் பெரிதாக அவர் படம் தொங்கும். அந்தப் படம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் சண்டை போட ஒரு ஆள் இருந்தார். ஓட்டுக்குத் திரும்பி வர வேண்டியவர் என்பதால் காது கொடுத்துக் கேட்டார். அதிகாரியிடம் அந்த உரிமையோடு பேச முடியாது. பழகுவதற்குள் மாற்றலாகிப் போய்விடுவார். 'இடையில் ஆளில்லாமல் நேராக ஆபீசுக்கே போகலாம், நல்லதுதானே' என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். வேலைக்கு லீவு போட்டு ஆபீசில் நிற்பது அவர்கள் இல்லை.

முதலில் நாம் எந்த மாநகராட்சி என்பதைத் தீர்க்க வேண்டியிருந்தது. பழைய பி.பி.எம்.பி.யில் அல்சூர், சிவாஜிநகர் எல்லாம் கிழக்கு மண்டலம். அதனால் தெருவில் பாதிப் பேர் நாம் கிழக்கு மாநகராட்சி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். புதிய கிழக்கு மாநகராட்சி என்பது கே.ஆர். புரம், மகாதேவபுரா பக்கம். சட்டமன்றத் தொகுதியை வைத்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சிவாஜிநகர், சாந்திநகர், சி.வி. ராமன் நகர், காந்திநகர், சிக்பேட்டை, சாமராஜ்பேட்டை தொகுதிகள் மத்திய மாநகராட்சியில் வருகின்றன. ஏரியைத் தாண்டி ஃப்ரேசர் டவுன் போனால் அது புலிகேசிநகர் தொகுதி, வடக்கு மாநகராட்சி. லிங்கராஜபுரமும் வடக்குதான். என் சித்தி வீடு ஃப்ரேசர் டவுனில். அவர்கள் பந்தலுக்கும் எங்கள் பந்தலுக்கும் நடந்து போகிற தூரம். சாமியைக் கரைப்பதும் ஒரே ஏரியில். இப்போது மாநகராட்சி மட்டும் வேறு வேறு. உங்கள் தொகுதி எது என்று முதலில் பாருங்கள். மற்றது அதிலிருந்து தானாக வரும்.

இதில் பழைய ஆட்களுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. 1949 வரைக்கும் பேட்டை என்ற பழைய ஊருக்கு ஒரு நகராட்சி, தண்டு என்று அவர்கள் சொல்லும் கன்டோன்மென்ட்டுக்கு ஒரு நகராட்சி. அல்சூர் தண்டுவைச் சேர்ந்தது. அந்த வருடம் இரண்டையும் சேர்த்து ஒரே கார்ப்பரேஷன் ஆக்கினார்கள். 2007-இல் சுற்றியிருந்த 7 நகரசபைகளையும் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களையும் சேர்த்து பி.பி.எம்.பி. வந்தது. இப்போது ஐந்தாகப் பிரிந்திருக்கிறது. "போர்டு எத்தனை தடவை மாறினாலும் மோரி அதே இடத்துலதான் அடைச்சுக்குது" என்பார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். மோரி என்றால் தெருவோரச் சாக்கடை.

பண்டிகைக்கு வேண்டிய வேலைகளில் பாதி மாநகராட்சிக்குக் கீழேயே வராது என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கரண்ட் பெஸ்காமுடையது. குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்துடையது. ஊர்வலமும் ஒலிபெருக்கியும் போலீஸ். குப்பை அள்ளுவதற்கு பி.எஸ்.டபிள்யூ.எம்.எல். என்று தனி நிறுவனமே இருக்கிறது. செப்டம்பர் 2-ஆம் தேதி இவற்றில் எதன் பெயரும் மாறவில்லை. தெருச்சாலை, மோரி, தெருவிளக்கு, தாழ்ந்து நிற்கும் மரக்கிளை, இவைதான் மாநகராட்சியிடம் போக வேண்டியவை. இதை ஒரு தாளில் எழுதி கமிட்டி அலமாரிக் கதவில் ஒட்டினேன். எதிரே எண்கள்: மாநகராட்சிக்கு 1533, பெஸ்காமுக்கு 1912, குடிநீர் வாரியத்துக்கு 1916, அவசரத்துக்கு 112. அப்புறம் பையன்கள் எல்லாவற்றுக்கும் என்னைத் தேடுவது குறைந்தது.

பெயர் மாறும் சமயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆகஸ்டில் கொடுத்த மனு செப்டம்பரில் யாருடையது? தெருமுனை விளக்கு எரியவில்லை என்று சதுர்த்திக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். மாதம் திரும்பியதும் ஓர் அலுவலகத்தில் அது பழைய ஆபீஸ் விஷயம் என்றார்கள். இன்னொன்றில் ஃபைல் இன்னும் வரவில்லை என்றார்கள். புதிதாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். முதல் வரியிலேயே பழைய மனுவின் தேதியையும் இன்வர்டு எண்ணையும் போட்டு, சீல் வைத்த நகலின் ஜெராக்ஸைப் பின்னால் சேர்த்துக் குத்தினேன். கூடவே 1533-க்குப் பேசி, விளக்குக் கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைச் சொல்லிப் புகார் எண் வாங்கினேன். ஆயுத பூஜைக்கு முன் விளக்கு எரிந்தது. கடிதத்தால் எரிந்ததா, போனில் பேசியதால் எரிந்ததா என்று சொல்ல முடியாது, அதனால் இரண்டையும் செய்துவிடுவது நல்லது. எந்த மனுவாக இருந்தாலும் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். 'சீல் போடுறவர் இல்ல, வச்சுட்டுப் போங்க' என்றால் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து மறுநாள் கொடுங்கள்.

கடிதம் கன்னடத்தில் இருக்கட்டும். இங்கிலீஷில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் கன்னடக் கடிதம் மேஜைக்கு மேஜை நகரும் வேகம் வேறு. எங்கள் வயதுக்காரர்கள் பலருக்குக் கன்னடம் பேச நன்றாக வரும், எழுத வராது. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். பி.யூ.சி. படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து எழுதச் சொன்னேன். முதலில் "ஆன்ட்டி, இதெல்லாம் எனக்கு போர்" என்றாள். ஒரு முறை அவளையே கவுண்டருக்கு அழைத்துப் போனேன். குமாஸ்தா அவள் எழுத்தைப் பார்த்துவிட்டு எந்தக் காலேஜ் என்று விசாரித்தார். அங்கேயே உட்கார வைத்து ஒரு வரியைத் திருத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு கமிட்டியின் கன்னட வேலையை அவள் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை.

சிங்கிள் விண்டோ பற்றி. சதுர்த்திக்கு முன் மாநகராட்சியின் சப்-டிவிஷன் அலுவலகங்களில் இதைத் திறக்கிறார்கள். மாநகராட்சி, போலீஸ், தீயணைப்பு, பெஸ்காம் ஆட்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்பது ஏற்பாடு. கடைசி இரண்டு நாளில் போனால் எல்லாத் தெருவும் அங்கேதான் நிற்கும். நாங்கள் முன்கூட்டியே போகிறோம், போகும்போது ஒரு படம் கொண்டு போகிறோம். ஓவியம் எல்லாம் வேண்டாம். பள்ளிக்கூட நோட்டில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள் போதும். தெரு எவ்வளவு அகலம், பந்தல் எவ்வளவு, ஆம்புலன்ஸ் போக எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம், கரண்ட் எந்தக் கம்பத்திலிருந்து, மணல் வாளியும் தண்ணீரும் எங்கே. இந்தத் தாளை நீட்டினால் கேட்கிற கேள்விகள் பாதியாகக் குறைகின்றன. பந்தலின் ஒரு கால் யாருடைய காலி மனையிலாவது ஊன்றுகிறது என்றால் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். வாய்வார்த்தையாகச் சம்மதித்தவர் போலீஸ் கேட்கும்போது வெளியூரில் இருப்பார்.

கரண்டை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடும் பழக்கம் இன்னும் பல தெருக்களில் இருக்கிறது. அது திருட்டு என்பது ஒரு பக்கம். ஆகஸ்ட் கடைசி பெங்களூரில் மழைக்காலம் என்பது இன்னொரு பக்கம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் மூலம் பெஸ்காமில் தற்காலிக இணைப்பு கேட்டு வாங்கிவிடலாம். நாங்கள் அதில் ட்ரிப்பர் ஒன்று போடச் சொல்கிறோம், கசிவு இருந்தால் உடனே அணைந்துவிடும். இரும்புப் பைப் பந்தலில் சீரியல் லைட் சுற்ற விடுவதில்லை. அழகு குறைகிறது என்று பையன்களுக்கு இன்னும் குறைதான்.

ஃபிளெக்ஸ் விஷயத்தில் எனக்குச் சந்தோஷம். 2018-இல் உயர்நீதிமன்றம் கடுமையாகப் பேசிய பிறகு ஊரில் பேனர்களை இறக்கினார்கள். அப்புறம் மெல்ல மெல்லத் திரும்ப ஏறின. 2023-இல் ஒரு ஃபிளெக்ஸுக்கு 50,000 ரூபாய் அபராதம் என்று அரசு சொன்னது. எங்கள் ஒரு வருட சந்தா மொத்தமும் அதற்கே போய்விடும் என்று நான் சொன்னதும் கமிட்டியில் வாதம் முடிந்தது. இப்போது துணியில் கையால் எழுதுகிறோம், மேலே கன்னடம், கீழே தமிழ். அடுத்த வருடத்துக்குத் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இனி, இந்த வருடத்தின் பெரிய வேலைக்கு வருகிறேன். ஆகஸ்ட் 27 சதுர்த்தி. ஆகஸ்ட் 29 சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் கொடியேற்றம். செப்டம்பர் 5 மீலாது நபி. செப்டம்பர் 8 மாதா தேர். பதின்மூன்று நாளுக்குள் மூன்று மதத்தின் பெரிய விழாக்கள், அதுவும் அல்சூர், சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் என்ற சின்ன வட்டத்துக்குள். இவற்றைத் தனித் தனிக் கூட்டமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தெருவிலேயே சதுர்த்திக்குச் சுண்டல் தாளித்துவிட்டு, இரண்டு நாள் கழித்துக் காவி உடுத்தி மாதா கோயிலுக்கு நவநாளில் நடந்து போகிற வீடுகள் உண்டு. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களோடு வளர்ந்த கோயில் அது. இன்றும் தமிழில் பூசை நடக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனில் எல்லாக் கமிட்டிகளையும் அழைத்து சாந்தி சபை வைப்பார்கள். பீஸ் கமிட்டி மீட்டிங் என்பது எங்கள் பக்கத்துப் பெயர். அதற்குப் போகிற பலர் ஒற்றுமையைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் தயார் செய்துகொண்டு போகிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு வேண்டியது பிரசங்கம் இல்லை. ஊர்வலம் எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த ரோடு, எத்தனை பேர், எப்போது முடியும், பொறுப்பு யார், போன் எண் என்ன. இதை எழுதி இரண்டு நகலாகக் கொண்டு போனேன். ஒன்று ஸ்டேஷனுக்கு. மற்றொன்று யாருக்கு என்றால், அதே அறையில் உட்கார்ந்திருந்த மசூதிக் கமிட்டி பாய்க்கு.

இந்த இரண்டாவது நகல்தான் வேலை செய்தது. கூட்டம் முடிந்ததும் வாசலில் டீ குடித்துக்கொண்டே அவர் தாளைப் படித்தார். நாங்கள் கிளம்புவதாகப் போட்டிருந்த நேரத்துக்கு மசூதி முனைக்கு வந்து சேரும்போது மாலைத் தொழுகை நடந்துகொண்டிருக்கும் என்றார். அரை மணி முன்னால் கிளம்பி, அந்த முனையிலிருந்து அடுத்த முனை வரை மேளம் இல்லாமல் போவது என்று பேசிக்கொண்டோம். பதிலுக்கு அவர் ஒன்று கேட்டார். செப்டம்பர் 5 அன்று அவர்கள் ஊர்வலம் போகும் ரோட்டில் எங்கள் தெருக்காரர்களின் ஆட்டோக்கள் நிற்கக் கூடாது. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுபவர்கள் அதிகம், அவர்களுக்கு வேறு இடமும் இல்லை. ஒரு நாளைக்குப் பள்ளி மைதானத்தில் நிறுத்த அனுமதி கேட்டு வாங்கினோம். எங்கள் ஊர்வலத்துக்குக் கிடைத்த வழி அந்த ஆட்டோக்களை நகர்த்தியதால் கிடைத்த வழி. ஒற்றுமை என்று மேடையில் பேசுவதைவிட இந்த மாதிரிப் பேரம் எனக்கு நம்பகமாகப் படுகிறது.

மாதா கோயிலுக்கு நடந்து போகும் குடும்பங்கள் கேட்டது இன்னும் சின்ன விஷயம். நவநாள் முழுக்க நிறையப் பேர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். சாமி ஊர்வலத்தில் உடைக்கும் தேங்காய் ஓடும், பட்டாசுக் குப்பையும் ரோட்டில் கிடந்தால் காலைக் கிழிக்கும். ஊர்வலத்துக்குப் பின்னாலேயே துடைப்பமும் கோணிப்பையுமாக நாலு பேர் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். அந்த நாலு பேர் யார் என்பதில்தான் கமிட்டி கிட்டத்தட்ட உடைந்தது. கடைசியில் உயரமான சாமி கேட்டு அடம்பிடித்த பையன்களுக்கே அது போனது.

சத்தம் பற்றிச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பண்டிகைக்காக இரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, வருடத்தில் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. 'பண்டிகை என்றால் 12 வரை உண்டு' என்று பக்கத்துத் தெருக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். அந்த நாளுக்கு உத்தரவு வந்திருக்கிறதா என்று ஸ்டேஷனில் கேளுங்கள். டி.ஜே. பெட்டிகளை நாங்கள் விட்டுவிட்டோம். தமட்டை அடிப்பவர்கள் நாலு பேர் வந்தாலே தெரு ஆடுகிறது, பத்து மணிக்கு நிறுத்தச் சொன்னால் உடனே நிற்கவும் செய்கிறது.

இப்போது அந்த உயரப் பிரச்சினை. பையன்களுக்குப் பத்தடிப் பிள்ளையார் வேண்டும். பாட்டரி டவுனில் களிமண்ணில் செய்கிற குடும்பங்களிடம் மூன்றடிக்கு நான் சொல்லி வைத்திருந்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது என்று 2016-லேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவு போட்டுவிட்டது. களிமண்ணில் பத்தடி என்றால் எடையும் விலையும் எங்கள் தெருவுக்குத் தாங்காது. ஆனால் அவர்களை ஒத்துக்கொள்ள வைத்தது சட்டமும் இல்லை, விலையும் இல்லை. ஏரிக்குப் போகும் வழியை ஒரு நாள் மாலை நடந்து பார்க்கச் சொன்னேன். ரோட்டுக்குக் குறுக்கே தொங்கும் இன்டர்நெட் கேபிள்களை எண்ணிக்கொண்டு வந்தார்கள். டிராக்டர் உயரம், பீடம், சாமி, மேலே குடை எல்லாம் கூட்டினால் எங்கே முட்டும் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். ஊர்வலத்தில் குச்சியை நீட்டி வயரைத் தூக்கிவிடும் வேலையை எந்தத் தாயும் தன் பையன் செய்ய விடமாட்டாள். அது கேபிள் வயரா கரண்ட் வயரா என்பது இருட்டில் தெரியாது.

ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை கரைத்தோம். செப்டம்பர் 7-க்குத் தள்ளிப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அன்று இரவு முழுச் சந்திர கிரகணம், கோயில்களை முன்னதாகவே சாத்துவார்கள் என்று குருக்கள் நினைவூட்டினார். அல்சூர் ஏரியில் கரைக்கத் தனியாகக் கல்யாணி என்ற குளம் இருக்கிறது, அண்ணாசாமி முதலியார் ரோடு பக்கமிருந்து போக வேண்டும். மாலை, துணி, ஜரிகை, பேப்பர் எல்லாவற்றையும் அங்கே கழற்றிக்கொண்டிருந்தால் வரிசை நிற்கும். கிளம்பும் முன்பே கழற்றி, பூவைத் தனிப் பையில், துணியைத் தனிப் பையில் வைத்துவிட்டால் வேலை சுலபம். ஒரே ஒரு மாலையை மட்டும் விட்டு வையுங்கள், மொட்டையாக அனுப்ப மனசு வராது. வீட்டுப் பிள்ளையார்களுக்காக வார்டுகளில் நடமாடும் தொட்டி வண்டி நிறுத்துகிறார்கள். ஏரிக் கூட்டத்தில் வயதானவர்களை இழுத்துக்கொண்டு போவதற்குப் பதில் அந்த வண்டி நிற்கும் இடத்தைக் கேட்டு வையுங்கள்.

வசூல் கணக்கைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. எண் போட்ட ரசீது, வரவு செலவைத் தெருமுனையில் ஒட்டுவது, ஐநூறுக்கு மேல் யார் செலவு செய்தாலும் பில். ஒட்டிய தாளின் முன்னால் நின்று படிப்பவர்கள் சந்தா கொடுக்காதவர்கள்தான் என்பது என் நெடுநாள் கண்டுபிடிப்பு.

ஆயுத பூஜை அக்டோபர் 1. ஆட்டோ, கடை, பட்டறை என்று எங்கள் தெருவில் அன்றைக்குத்தான் உண்மையான பண்டிகை. மறுநாள் காலையில் தெருவைப் பார்க்க வேண்டும். வாசலுக்கு இரண்டு வாழைக்கன்று, ரோடு முழுக்க நசுங்கிய பூசணிக்காய், குங்குமம், மாவிலை, செவ்வந்தி. நடுரோட்டில் பூசணி உடைப்பதால் இரு சக்கர வண்டிகள் வழுக்கி விழுவது வருடா வருடம் நடக்கிறது. இதில் இரண்டு பழக்கம் கொண்டு வந்தோம். பூசணியை ரோட்டோரம், சுவர் பக்கமாக உடைப்பது. உடைத்தவரே துண்டுகளை அள்ளிக் கோணியில் போடுவது. வாழைக்கன்றை மற்ற குப்பையோடு சேர்த்தால் டிப்பர் ஆட்டோ இரண்டு வாசலிலேயே நிறைந்துவிடும். அதனால் எல்லாக் கன்றையும் தெருமுனையில் ஓர் இடத்தில் அடுக்கி, தனி லோடாக எடுக்கும்படி வண்டி மேஸ்திரியிடம் முந்தின வாரமே சொல்லி வைக்கிறோம். இலையும் தண்டும் கொஞ்சம் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடும்.

தெருக்கூட்டும் பௌரகார்மிக அம்மாக்களில் தமிழ் பேசுபவர்களும் தெலுங்கு பேசுபவர்களும் உண்டு. அவர்களுக்கும் அன்று வீட்டில் பூஜை இருக்கும். செப்டம்பர் 23 பௌரகார்மிகர் தினம் என்று அரசு கொண்டாடுகிறது. அன்று சால்வை போட்டு போட்டோ எடுப்பதைவிட, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அவர்கள் வருவதற்குள் தெருவைப் பாதியாவது கூட்டி வைத்தால் அவர்களுக்குப் பிரயோஜனம். எங்கள் தெருவில் இது இன்னும் முழுசாக நடக்கவில்லை. வரும் வீடுகள்தான் வருகின்றன.

தீபாவளிக்குக் கமிட்டி வேலை குறைவு. பசுமைப் பட்டாசு மட்டும், இரவு 8 முதல் 10 வரை மட்டும் என்ற விதியைச் சின்னப் பிள்ளைகளே பெரியவர்களுக்கு நினைவூட்டுகிறார்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்காமல், நேராக மின்டோ கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தோம். தீபாவளி இரவுகளில் அங்கே டாக்டர்கள் தயாராக இருப்பார்கள்.

நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்குத் தெருமுனையில் மஞ்சள் சிவப்புக் கொடி ஏற்றி, கேசரிபாத் கொடுத்தோம். இந்த நிகழ்ச்சியை எங்கள் தமிழ்க் கமிட்டியே முன்னின்று நடத்துகிறது, பல வருடமாக. அன்று வரும் பெஸ்காம் லைன்மேனும் பீட் கான்ஸ்டபிளும் அடுத்த பண்டிகைக்கு நம் போனை எடுப்பார்கள் என்கிற லாபக் கணக்கும் இதில் உண்டு, அதை மறைப்பானேன். அதே மாதத்தில் இறுதி வார்டுப் பட்டியலும் வந்தது. ஐந்து மாநகராட்சிக்கும் சேர்த்து 369 வார்டுகள், மத்திய மாநகராட்சிக்கு 63. பழைய வார்டு எண்ணை நினைவில் வைத்து இனி மனு எழுத முடியாது. பட்டியலையும் வரைபடத்தையும் பிரிண்ட் எடுத்து, தெருவின் இரண்டு முனையும் ஒரே வார்டில்தான் வருகின்றனவா என்று பாருங்கள். எல்லைக்கோடு ரோட்டின் நடுவில் போனால் ஒரே பந்தலுக்கு இரண்டு இடத்தில் கேட்க வேண்டிவரும். வார்டு கமிட்டிக் கூட்டம் கூட்டினால் போய் உட்காருங்கள். நாற்காலிகள் பெரும்பாலும் காலியாக இருப்பதால் நாம் சொல்வது குறிப்பில் ஏறிவிடுகிறது.

அடுத்தது பொங்கல். இந்த முறை தெருவில் வரிசையாக அடுப்பு வைத்து எல்லா வீடும் ஒன்றாகப் பொங்கலாம் என்று பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். தார் ரோட்டில் நேரடியாக நெருப்பு வைத்தால் தார் இளகிக் குழி விழும். அதனால் கீழே மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்குவது வரை பேசி ஆயிற்று. ரோட்டில் அடுப்பு மூட்ட யாரிடம் கேட்பது என்பது அலமாரிக் கதவிலிருக்கும் தாளில் இல்லை. தீயணைப்பு நிலையமா, மாநகராட்சியா என்று இரண்டு கட்சி. இரண்டு இடத்துக்கும் எழுதச் சொல்லிவிட்டேன், கன்னடத்தில், தலா இரண்டு நகல்.